கடை ரசீதும் கதவு வரியும்: சுங்கை சிப்புட் வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கிறது எங்கள் சுங்கை சிப்புட். பிப்ரவரி கடைசி வாரத்திலும் ஆகஸ்டு கடைசி வாரத்திலும் எங்கள் தாமான் (வீடமைப்புப் பகுதி) மண்டபத்தில் ஆள் கூடிவிடும். கையில் மதிப்பீட்டு வரி பில் இருக்கும். விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கொடுக்க உட்காரும் எங்களிடம் எல்லாரும் சுற்றிச் சுற்றி ஒன்றைத்தான் கேட்கிறார்கள்: கடையில் ஒரு வரி, வீட்டுக்கு ஒரு வரி, நிலத்துக்கு ஒரு வரி, இதில் எந்தக் காசு எங்கே போகிறது?

கேட்பவர்களில் பெரும்பாலோர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இருந்தவரை நம் பேருக்கு எந்த வரி பில்லும் வந்ததில்லை. குழாய் உடைந்தால் ஆபீஸ் கிராணியிடம் சொன்னோம். கால்வாய் அடைத்துக்கொண்டால் மண்டோர் (வேலை மேற்பார்வையாளர்) ஆள் அனுப்பினார். தாமானில் வீடு வாங்கி வந்த பிறகு கிராணியும் இல்லை, மண்டோரும் இல்லை. அந்த இடத்தில் ஒரு நகராண்மைக் கழகம் இருக்கிறது, அது நம் காசில் நடக்கிறது, அதனிடம் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது என்பதை யாரும் நமக்கு உட்கார வைத்துச் சொல்லவில்லை. அதனால்தான் இந்தப் பதில்களை எழுதி வைக்கிறேன்.

கடையில் கட்டுகிற எஸ்.எஸ்.டி. காசில்தானே நம்ம லோங்காங் (கால்வாய்) சுத்தம் பண்ணுறாங்க?

இல்லை. அதிலிருந்து ஒரு சென்கூட நேராக நம் ஊருக்கு வருவதில்லை. எஸ்.எஸ்.டி. என்பது விற்பனை வரியும் சேவை வரியும். இரண்டையும் வசூலிப்பது அரச மலேசிய சுங்கத் துறை. பணம் மத்திய அரசாங்கத்தின் ஒருங்கிணைந்த நிதிக்குப் போகிறது. அங்கிருந்து ஆசிரியர் சம்பளம், மருத்துவமனை, போலீஸ், கடன் வட்டி என்று நாடு முழுவதற்கும் பிரிகிறது.

அமெரிக்காவில் இருக்கும் மகளைப் பார்த்து வந்த ஓர் அம்மா, "அங்க ஊருக்கு ஊர் வரி மாறுதே, நம்ம ஊர்ல ஏன் இல்ல?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அங்கே பல மாநிலங்களில் நகரமும் வட்டாரமும் மாநில விற்பனை வரியோடு தங்கள் பங்கையும் சேர்த்துப் போட முடியும். நூலகத்துக்கு, பேருந்துக்கு, தீயணைப்புக்கு என்று காரணம் சொல்லி, பல இடங்களில் மக்களிடம் ஓட்டும் கேட்டுத்தான் அந்த அரை விழுக்காட்டையோ கால் விழுக்காட்டையோ கூட்டுகிறார்கள். நம் நாட்டில் நகராண்மைக் கழகத்துக்கு அந்த அதிகாரம் கிடையாது. நம் ஊரில் அந்த வேலையைச் செய்வது உங்கள் கையில் இருக்கும் மதிப்பீட்டு வரி பில்தான்.

விற்பனை வரி 10 விழுக்காடு என்கிறார்கள். மளிகைக் கடை ரசீதில் காணோமே?

அது கடையில் போடும் வரியல்ல. தொழிற்சாலையிலிருந்து பொருள் வெளியேறும்போதோ, வெளிநாட்டிலிருந்து துறைமுகத்துக்கு வரும்போதோ ஒரே முறை போடுவது. விகிதம் 5 அல்லது 10 விழுக்காடு. அது பொருளின் விலைக்குள்ளேயே கரைந்து நம்மிடம் வந்து சேர்கிறது. அரிசி, சமையல் எண்ணெய், சீனி, முட்டை, உள்ளூர்க் காய்கறி போன்றவற்றுக்கு இந்த வரி இல்லை. 2025 ஜூலை 1-இல் வரியை விரித்தபோதும் இவற்றைத் தொடவில்லை.

2015 ஏப்ரல் 1 முதல் இருந்த ஜி.எஸ்.டி. வேறு மாதிரி. 6 விழுக்காடு ஒவ்வொரு ரசீதிலும் அச்சாகி வந்தது. 2018 ஜூன் 1-இல் அதைச் சுழியம் ஆக்கினார்கள், செப்டம்பர் 1-இல் எஸ்.எஸ்.டி. திரும்பி வந்தது. அப்போது ரசீதில் தெரிந்ததால் எல்லாரும் பேசினோம், இப்போது தெரியாததால் பேசுவதில்லை.

சாப்பாட்டுக் கடையில் 6 விழுக்காடு போடுகிறார்களே, அது சரியா?

கடையின் ஓராண்டு வியாபாரம் 15 லட்சம் ரிங்கிட்டைத் தாண்டினால் அது சேவை வரிக்குப் பதிந்துகொள்ள வேண்டும். 2024 மார்ச் 1-இல் சேவை வரி பொதுவாக 8 விழுக்காடானாலும், உணவுக்கும் பானத்துக்கும் 6-லேயே விட்டுவிட்டார்கள். ஒட்டுக்கடைக்காரரும் சின்ன வாழை இலைச் சாப்பாட்டுக் கடையும் இந்த வரம்புக்குள் வர மாட்டார்கள். பதியாத கடை வரி என்று சொல்லி வாங்குவது குற்றம். ரசீதில் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் சுங்கத் துறையின் மை.எஸ்.எஸ்.டி. தளத்தில் கடைப் பெயரைப் போட்டுத் தேடலாம்.

சில உணவகங்கள் 10 விழுக்காடு "சர்வீஸ் சார்ஜ்" போடுகின்றன. அது வரியே அல்ல, கடைக்காரர் எடுத்துக்கொள்வது.

அப்படியென்றால் பேராக் மாநிலமாவது தனியாக ஒரு விற்பனை வரி போட முடியாதா?

முடியாது. தீபகற்ப மாநிலம் எதற்கும் அந்த அதிகாரம் இல்லை. சபாவுக்கும் சரவாக்குக்கும் மட்டும் அரசியலமைப்புச் சட்டம் அதைக் கொடுத்திருக்கிறது. சபா கச்சாச் செம்பனை எண்ணெய்க்கு மாநில விற்பனை வரி வாங்குகிறது. சரவாக் 2019 முதல் பெட்ரோலியப் பொருள்களுக்கு 5 விழுக்காடு வாங்குகிறது. சபாவில் காய்க்கும் செம்பனையிலிருந்து மாநிலக் கருவூலத்துக்கு விற்பனை வரி போகிறது, நம் பக்கத்துத் தோட்டத்தில் காய்ப்பதிலிருந்து அப்படிப் போவதில்லை. நெருங்கிப் பார்த்தால் நாட்டில் "உள்ளூர் விற்பனை வரி" என்று சொல்லத்தக்கது அந்த இரண்டு மாநிலங்களில் இருப்பதுதான்.

நம் மாநிலத்துக்கு என்னதான் வருமானம் என்றால், அரசியலமைப்பின் 10-ஆம் அட்டவணையைப் பார்க்க வேண்டும். மாநிலங்களுக்கென ஒதுக்கிய வருமானங்கள் அங்கே வரிசையாக இருக்கின்றன. முதல் வரி என்ன தெரியுமா? கள்ளுக்கடை வருமானம். அடுத்ததுதான் நிலம், சுரங்கம், காடு. கள்ளுக்கடையில் நம் தாத்தாக்கள் கொடுத்த காசு நாட்டின் மூலச் சட்டத்திலேயே ஒரு வரியாக இருக்கிறது என்று முதன்முதலில் படித்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது. இன்று அதில் பெரிதாக ஒன்றும் வராது. நிலமும் காடும்தான் மாநிலத்துக்குச் சோறு போடுகின்றன.

சரி, நம் ஊர் எந்தக் காசில் நடக்கிறது?

சுங்கை சிப்புட் கோலகங்சார் நகராண்மைக் கழகத்தின் எல்லைக்குள் இருக்கிறது. கழகம் இயங்குவது 1976-ஆம் ஆண்டு உள்ளூராட்சிச் சட்டத்தின்படி, அதாவது சட்டம் 171. வருமானம் எங்கிருந்து வரலாம் என்று அந்தச் சட்டமே சொல்கிறது: மதிப்பீட்டு வரி, கடை லெசென்ஸ், வாடகை, கட்டணம், அபராதம், மேலிருந்து வரும் மானியம். இதில் நம்மைப் போன்ற சாதாரணக் குடும்பம் வருஷம் தவறாமல் கட்டுவது மதிப்பீட்டு வரி. மலாயில் சுக்காய் தக்சிரான். நம் ஆட்கள் வாயில் அது கதவு வரி.

என் வீட்டுக்கு இந்தத் தொகையை எப்படிக் கணக்குப் போட்டார்கள்?

வீட்டை வாடகைக்கு விட்டால் ஒரு வருஷத்துக்கு நியாயமாக என்ன கிடைக்கும் என்று கழகத்தின் மதிப்பீட்டுப் பிரிவு கணிக்கிறது. அதற்குப் பெயர் ஆண்டு மதிப்பு. அதில் ஒரு குறிப்பிட்ட விழுக்காடுதான் வரி. உதாரணத்துக்கு, வாடகை மாதம் 500 ரிங்கிட் என்றால் ஆண்டு மதிப்பு 6,000. விகிதம் 8 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் வருஷத்துக்கு 480, அரையாண்டுக்கு 240. இந்த 8 நான் கணக்குக்காகப் போட்டது. உங்கள் வட்டாரத்து விகிதம் பில்லிலேயே இருக்கும். வீட்டுக்கு ஒன்று, கடைக்கு ஒன்று, தொழிற்சாலைக்கு ஒன்று என்று மாறும். சட்டப்படி உச்ச வரம்பு ஆண்டு மதிப்பில் 35 விழுக்காடு. ஜொகூரில் மட்டும் முறை வேறு, அங்கே சொத்தின் மதிப்பையே அடிப்படையாக எடுக்கிறார்கள்.

நீங்கள் அந்த வீட்டை வாடகைக்கு விடுகிறீர்களா, அதில் குடியிருக்கிறீர்களா என்பது இந்தக் கணக்கில் வராது. பின்னால் அடுப்படியை இழுத்துக் கட்டினால் மதிப்பு ஏறும்.

அந்தக் காசில் கழகம் என்னென்ன செய்ய வேண்டும்?

முதலில் குப்பை. திடக்கழிவுச் சட்டமான சட்டம் 672-ஐ ஏற்ற கெடா, நெகிரி செம்பிலான், ஜொகூர் போன்ற மாநிலங்களில் குப்பை 2011 செப்டம்பரிலிருந்து மத்திய அரசாங்கத்தின் பொறுப்புக்குப் போய்விட்டது. பேராக் அதில் சேரவில்லை. ஆகவே இங்கே குப்பை லாரி கழகத்தின் வேலை, உங்கள் வரியில் பெரும் பங்கை அதுவே தின்கிறது. லாரி, டீசல், ஆள் கூலி, கொட்டும் இடம் என்று வாரம் தவறாத செலவு. கழகம் குத்தகைக்காரரிடம் விட்டிருந்தாலும் கேட்க வேண்டிய இடம் கழகம்தான்.

பிறகு தெரு விளக்கு. தாமான் தெருவில் எரியும் விளக்கின் மின்கட்டணத்தைக் கழகம் கட்டுகிறது. விளக்குக் கம்பத்தில் ஓர் எண் இருக்கும். புகார் கொடுக்கும்போது அந்த எண்ணைச் சொல்லுங்கள். "கோயிலுக்குப் பக்கத்துல இருக்கிற லைட்டு" என்று சொன்னால் தேடி வருவதற்குள் மாதம் ஓடிவிடும்.

கால்வாய் தூர்வாருதல், புல் வெட்டுதல், பாசார் (சந்தை), பொதுக் கழிப்பறை, விளையாட்டுத் திடல், மண்டபம், பூப்பந்துக் கூடம், தெருநாய், உணவுக் கடைச் சுத்தச் சோதனை எல்லாம் கழகத்தின் கீழ்தான். டிங்கிக் கொசுவுக்குப் புகை அடிப்பதில் மாவட்டச் சுகாதார அலுவலகத்தோடு கழகமும் சேர்ந்துகொள்ளும்.

கழகத்தின் வேலை அல்லாததையும் தெரிந்துகொள்ளுங்கள், வீண் அலைச்சல் குறையும். ஊர் நடுவே ஈப்போவிலிருந்து கோலகங்சாருக்குப் போகும் பெரிய சாலை கூட்டரசுச் சாலை எண் 1. அதில் குழி விழுந்தால் பொதுப்பணித் துறை. குழாய்த் தண்ணீருக்குப் பேராக் நீர் வாரியம். கழிவுநீருக்கு இண்டா வாட்டர். அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் 1 ரிங்கிட் கொடுத்து மருந்து வாங்குகிறோமே, மீதிச் செலவு மத்திய அரசாங்கத்துடையது. நீங்கள் கட்டிய எஸ்.எஸ்.டி. அந்த மருந்துப் பொட்டலத்தில் கொஞ்சம் இருக்கிறது. தமிழ்ப்பள்ளி ஆசிரியர் சம்பளமும் அப்படியே. 2025-இல் 18 வயது நிறைந்த குடிமக்கள் எல்லாருக்கும் அடையாள அட்டையில் வந்த 100 ரிங்கிட் சாரா உதவியும் மத்திய நிதிதான், கழகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நாங்கள் இன்னும் தோட்டத்து லயத்தில்தான் இருக்கிறோம். எங்கள் பக்கம் குப்பை லாரியே வருவதில்லை. நாங்கள் மக்கள் இல்லையா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது எனக்கு எப்போதும் தொண்டை அடைக்கும், ஏனென்றால் நானும் அந்த லயத்திலிருந்து வந்தவள்.

தோட்டம் கழகத்தின் எல்லைக்குள்ளேயே இருக்கலாம். ஆனால் உள்ளே இருக்கும் சாலை, கால்வாய், வீடு எல்லாம் கம்பெனியின் தனியார் நிலத்தில் இருக்கின்றன. அங்கே பொதுப் பணத்தைச் செலவிடக் கழகம் தயங்கும். மாநிலச் சாலைகளின் பராமரிப்புக்கு மத்திய அரசாங்கம் மானியம் கொடுக்கிறது. அதற்கு அந்தச் சாலை மாரிஸ் என்ற பதிவில் ஏறியிருக்க வேண்டும். தோட்டத்துச் செம்மண் பாதை அந்தப் பதிவில் இருக்காது. பதிவில் இல்லாத பாதைக்குக் காசு வராது. தாமானுக்கும் தோட்டத்துக்கும் நடுவே வேலி ஒன்றுதான், ஆனால் அந்த வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு சட்டம், அந்தப் பக்கம் இன்னொரு சட்டம்.

அந்தப் பக்கத்துச் சட்டம் 1990-இல் வந்த தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம், சட்டம் 446. அதன்படி வீடு கொடுக்கும் முதலாளி இலவசமாகக் குழாய்த் தண்ணீர் கொடுக்க வேண்டும், மின்சாரம் கொடுக்க வேண்டும், வீட்டையும் சுற்றுப்புறத்தையும் பழுது பார்த்துச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். பிள்ளைகளை விட ஆயாக் கொட்டகைக்கும் அந்தச் சட்டத்தில் இடம் உண்டு. கொடுக்காவிட்டால் புகார் போக வேண்டிய இடம் தொழிலாளர் இலாகா. கழகத்தின் வாசலில் நின்றால் "இது எங்கள் நிலம் இல்லை" என்றுதான் பதில் வரும், அதில் பொய்யும் இல்லை. ஆகவே மனு எழுதும்போது சட்டம் 446 என்று எண் போட்டு எழுதுங்கள். தேதி போட்டுப் படமும் எடுத்து இணையுங்கள்.

ரொம்பவும் சிக்கலான நிலை இன்னொன்று. தோட்டம் கைமாறி, வேலை போய், ஆனாலும் பழைய லயத்திலேயே குடியிருப்பவர்கள். அவர்களுக்கு முதலாளியும் இல்லை, வரி பில்லும் இல்லை. சட்டம் 446 வேலை செய்பவருக்கானது, சட்டம் 171 வரிக் கணக்கில் உள்ள சொத்தைப் பார்க்கிறது. நடுவில் நிற்பவருக்குச் சட்டமன்ற உறுப்பினரின் ஒதுக்கீடும் நாடாளுமன்ற உறுப்பினரின் ஒதுக்கீடும்தான் கைகொடுக்கின்றன. அவை தயவில் வருவது, உரிமையில் வருவதில்லை. இந்தக் குடும்பங்களுக்கு வீட்டு மனை கொடுத்து வரிக் கணக்கில் ஏற்றுவதுதான் நிரந்தரத் தீர்வு என்று நான் உறுதியாக நம்புகிறேன். வரி கட்டுவது பாரம் என்கிறோம். அந்த லயத்தில் நின்று பார்த்தால், தன் பேரில் ஒரு வரி பில் வருவதே பெரிய விஷயம்.

தெரு விளக்குக்கும் மண்டபத்துக்கும் நாமே வீட்டுக்கு வீடு காசு போட்டுச் சரி செய்கிறோமே. பிறகு எதற்கு வரி?

காசு சேர்த்துக் காரியம் செய்வது நம் இரத்தத்தில் இருக்கிறது. தோட்டத்தில் கோயிலுக்குச் சம்பளத்திலேயே பிடித்துக் கொடுத்தோம். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், இந்தச் சுங்கை சிப்புட் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். தொழிலாளர்கள் பங்குக் காசு போட்டுத் தோட்டங்களையே வாங்கினார்கள். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது.

ஆனால் எரியாத தெரு விளக்குக்கு வீட்டுக்கு 10 ரிங்கிட் வசூலிப்பது, ஒரே பொருளுக்கு இரண்டு தடவை காசு கொடுப்பது. அந்த விளக்குக்கான காசை ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. கோயில் திருவிழாவுக்கும் பிள்ளைகளின் டியூஷனுக்கும் காசு சேர்ப்போம். விளக்குக்குப் புகார் கொடுப்போம்.

மேலிருந்து கழகத்துக்குக் காசே வருவதில்லையா?

வருகிறது. 1981-இல் வந்த சட்டம் 245-இன்படி மத்திய அரசாங்கம் மாநிலம் வழியாக உள்ளூராட்சிகளுக்கு ஆண்டுச் சமநிலை மானியம் கொடுக்கிறது. பெரிய கடைத் தொகுதிகளும் தொழிற்சாலைகளும் உள்ள நகரங்களுக்குத் தங்கள் வரியே போதும். நம்மைப் போன்ற தோட்டப்புறங்களுக்கு வருமானம் குறைவு, சுற்றளவு பெரிது. அந்தப் பள்ளத்தை நிரவத்தான் இந்த மானியம். இதைத் தவிர, அரசியலமைப்பின் 109-ஆம் பிரிவுப்படி மாநிலத்துக்குத் தலைக்கணக்கில் ஒரு மானியமும் சாலைக்கு ஒரு மானியமும் உண்டு.

ஆக, கடையில் நீங்கள் கொடுத்த விற்பனை வரி மத்திய அரசாங்கம் இருக்கும் புத்ராஜெயா போய், மாநிலத் தலைநகர் ஈப்போ வழியாகச் சுற்றி, கொஞ்சம் நம் ஊருக்கும் திரும்புகிறது. ஆனால் எவ்வளவு திரும்ப வேண்டும் என்று நாம் சொல்ல முடியாது. மதிப்பீட்டு வரியின் கதை வேறு. அது இங்கேயே வசூலாகி இங்கேயே செலவாகிறது, அதன் கணக்கை இங்கேயே கேட்கலாம்.

குப்பை எடுக்கவில்லை என்றால் வரி கட்டாமல் இருக்கலாமா?

வேண்டாம். கோபம் நியாயமானது, ஆனால் அந்த வழி நம்மைத்தான் கடிக்கும். கட்டாத வரிக்கு அபராதம் ஏறும், பிறகு நோட்டீஸ் வரும், பிறகு வாரண்டோடு வந்து வீட்டுச் சாமானைப் பறிமுதல் செய்யக் கழகத்துக்கு அதிகாரம் உண்டு. கடைசியில் சொத்தையே ஏலத்துக்குக் கொண்டுபோகவும் சட்டத்தில் வழி இருக்கிறது. வரியைக் கட்டிவிட்டு, ரசீது எண்ணைப் போட்டுப் புகார் எழுதுங்கள். வரி பாக்கி வைத்திருப்பவரின் புகாருக்கு எடை குறைவு.

வரி அதிகம் என்று ஆட்சேபம் சொல்ல முடியாதா?

முடியும், ஆனால் நேரம் தவறினால் முடியாது. சட்டப்படி 5 ஆண்டுக்கு ஒரு முறை புது மதிப்பீட்டுப் பட்டியல் வர வேண்டும். மாநிலம் நீட்டித்துக் கொடுக்கலாம், அதனால் பல இடங்களில் வெகு காலம் தள்ளிப் போகிறது. பட்டியல் வரும்போது உங்களுக்குக் கடிதம் வரும். விசாரணைக்குக் குறித்த நாளுக்கு 14 நாள் முன்பாகவே எழுத்தில் ஆட்சேபம் போய்ச் சேர வேண்டும்.

காரணமும் முக்கியம். சட்டம் 171-இன் 142-ஆம் பிரிவு சில காரணங்களை மட்டுமே ஏற்கிறது. உங்கள் வீட்டுக்குப் போட்ட மதிப்பு கூடுதல் என்பது ஒன்று. வரிக்கு உட்படாத இடத்துக்கு வரி போட்டிருக்கிறார்கள் என்பது இன்னொன்று. "கால்வாய் நாறுகிறது" என்று எழுதினால் அது ஆட்சேபம் ஆகாது, அதைத் தனிப் புகாராகத்தான் கொடுக்க வேண்டும். அக்கம்பக்கத்தில் அதே மாதிரி வீடு என்ன வாடகைக்குப் போகிறது என்று ஒப்பந்தத் தாளோடு காட்டுங்கள், அதுதான் பேசும். முடிவில் திருப்தி இல்லை என்றால் உயர் நீதிமன்றம் வரை போக உரிமை உண்டு.

எங்கள் அம்மா வீட்டுக்கு அந்தக் கடிதம் வந்தபோது, மலாயில் இருந்ததால் அவர் அதைச் சாமிப் படத்துக்குப் பின்னால் பத்திரமாகச் செருகி வைத்துவிட்டார். நான் பார்த்தபோது நாள் கடந்துவிட்டது. வயதான பெற்றோர் தனியாக இருக்கும் வீடுகளில் வந்த கடிதங்களை மாதம் ஒரு முறையாவது எடுத்துப் பாருங்கள்.

வீடு காலியாகக் கிடந்து, நல்ல நிலையில் இருந்தும் முயன்றும் குடித்தனக்காரர் கிடைக்கவில்லை என்றால், அந்தக் காலத்து வரியைத் திரும்பக் கேட்கவும் வழி இருக்கிறது. இது பலருக்குத் தெரியாது.

கோயிலுக்கு வரி உண்டா?

பொது வழிபாட்டுக்கு மட்டுமே பயன்படும் இடத்துக்குச் சட்டம் 171-இன் 134-ஆம் பிரிவில் விலக்கு இருக்கிறது. சுடுகாடு, பள்ளிக்கூடம், அறக்காரியத்துக்கான பொது இடம் ஆகியவையும் அதில் அடங்கும். கோயில் நிலத்தில் கல்யாண மண்டபம் கட்டி வாடகைக்கு விட்டாலோ, முன்னால் பூக்கடை வைத்தாலோ, அந்தப் பகுதிக்கு வரி வரலாம். நிர்வாகத்தினர் கழகத்தில் எழுதிக் கொடுத்து விலக்கை உறுதி செய்துகொள்ள வேண்டும். முஸ்லிம் அல்லாதார் வழிபாட்டுத் தலங்களுக்கு வீட்டுவசதி, ஊராட்சி அமைச்சு தரும் மானியம் வேறு கணக்கு. அதற்குப் பதிவும் நிலத்தின் நிலையும் கேட்பார்கள், தோட்டத்துக் கோயில்கள் பல அங்கேதான் தடுக்கி நிற்கின்றன.

பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வடை போடுகிறேன். எனக்கு என்ன வரி?

விற்பனை வரியும் இல்லை, சேவை வரியும் இல்லை. கழகத்தின் லெசென்ஸ் கட்டணமும் இடத்துக்கான கட்டணமும்தான். டைபாய்டு ஊசி போட்டிருக்க வேண்டும், உணவு கையாளும் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும்.

இதையெல்லாம் முடிவு செய்பவர்கள் யார்? நாம் ஓட்டுப் போட்டதாக ஞாபகம் இல்லையே?

ஓட்டுப் போடவில்லை. கழகத் தலைவரையும் உறுப்பினர்களையும் மாநில அரசாங்கம் நியமிக்கிறது. உறுப்பினர்கள் 8 பேருக்குக் குறையாமலும் 24 பேருக்கு மேற்படாமலும் இருப்பார்கள். ஒரு நியமனம் 3 ஆண்டுக்கு மேல் போகாது.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. ஊராட்சித் தேர்தல் ஒரு காலத்தில் நடந்தது. மலேசியாவை எதிர்த்து இந்தோனேசியா நடத்திய கொன்ஃப்ரொந்தாசி மோதலின் நேரத்தில், 1965 மார்ச்சில், அதை நிறுத்தி வைத்தார்கள். அதே ஆண்டு ஊராட்சிகளை ஆராய ஓர் அரச ஆணையம் அமைந்தது. அதன் தலைவர் நம்மவர், செனட்டர் ஆதி நாகப்பன். தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சியே வேண்டும் என்றுதான் அந்த ஆணையம் பரிந்துரைத்தது. அரசாங்கம் அதை ஏற்கவில்லை. 1976-ஆம் ஆண்டுச் சட்டம் தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. வரி கட்டுபவனுக்கு ஓட்டு வேண்டும் என்ற அந்தப் பரிந்துரை சரியானது என்பதே என் எண்ணம். இன்றும் சரியானதுதான்.

ஓட்டு இல்லாவிட்டாலும் காது கொடுத்துக் கேட்கும் உரிமை இருக்கிறது. சட்டம் 171-இன் 23-ஆம் பிரிவுப்படி கழகத்தின் முழுக் கூட்டம் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளருக்கும் திறந்தது. கூட்டம் என்றைக்கு என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். பேச விட மாட்டார்கள், ஆனால் உட்கார்ந்து கேட்கலாம். அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டம் தயாராகும் மாதங்களில், அதாவது ஆண்டின் பிற்பாதியில், உங்கள் வட்டாரத்துக் கழக உறுப்பினரைப் பிடித்து, "எங்கள் தாமான் கால்வாய்க்கு இந்த வருஷம் என்ன எழுதியிருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். ஜனவரியில் போய்க் கேட்டால் காசு ஏற்கெனவே பிரிந்து போயிருக்கும்.

நில வரியும் கதவு வரியும் ஒன்றா?

இல்லை. நில வரி மாநிலத்துடையது, நில அலுவலகத்துக்கு வருஷம் ஒரு முறை, மே 31-க்குள் கட்ட வேண்டும். கதவு வரி கழகத்துடையது, வருஷம் இரண்டு முறை. ஒன்றைக் கட்டியவர் மற்றதையும் கட்டிவிட்டதாக நினைத்துக்கொள்வது இங்கே அடிக்கடி நடக்கிறது.

அப்பா இறந்து பத்து வருஷம் ஆகிறது. பில் இன்னும் அவர் பேரில்தான் வருகிறது. விட்டுவிடலாமா?

விடாதீர்கள். பில்லில் பேர் இருப்பது உரிமைக்கு அத்தாட்சி அல்ல, கிராண்டில் (நிலப் பட்டாவில்) இருக்கும் பேர்தான் கணக்கு. முதலில் நில அலுவலகத்தில் சிறு சொத்துப் பங்கீட்டுக்கு மனுப் போட்டுக் கிராண்டை வாரிசுகள் பேருக்கு மாற்றுங்கள். இறப்புச் சான்றிதழ், கிராண்டு நகல், பிள்ளைகள் எல்லாருடைய அடையாள அட்டை நகல் தேவைப்படும். பிறகு அந்தத் தாளோடு கழகத்தில் வரிக் கணக்கைப் பேர் மாற்றலாம். அண்ணன் தம்பி எல்லாரும் உயிரோடும் பேச்சுவார்த்தையோடும் இருக்கும்போதே செய்துவிடுங்கள். ஒருவர் தவறிவிட்டால் அவருடைய வாரிசுகளும் கையெழுத்துக்குச் சேர்வார்கள். வீடு விற்று வாங்கியவர்கள் 3 மாதத்துக்குள் கழகத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

கடைசி நாள் எது? எங்கே கட்டுவது?

முதல் அரையாண்டுக்குப் பிப்ரவரி கடைசி நாள், இரண்டாம் அரையாண்டுக்கு ஆகஸ்டு 31. கழகத்தின் முகப்பிலும் இணையத்திலும் கட்டலாம். கைப்பேசியில் கட்டத் தெரியாதவர்கள் பழைய பில்லையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் மண்டபத்துக்கு வாருங்கள், பிள்ளைகள் உதவுவார்கள். கட்டிய ரசீதை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடைத் தாளில் அச்சாகும் எழுத்து நாளடைவில் மறைந்துவிடுகிறது.